கைப்பம்பா, மின்பம்பா: மிதிவண்டிக் காற்றின் கணக்கு

மிதிவண்டியோடு எடுத்துச் செல்லும் காற்றுப் பம்பு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மாற்றம் எதையும் காணாமலேயே இருந்துவந்தது. ஓர் உலோகக் குழாய், அதனுள் ஏறி இறங்கும் பிஸ்டன், முனையில் வால்வைப் பற்றிக்கொள்ளும் வாய் என்ற அந்த அமைப்புக்கு மாற்றாக, லித்தியம் அயனி மின்கலமும் சிறு மோட்டாரும் கொண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் மின்பம்புகள் அண்மை ஆண்டுகளில் பரவலாக விற்பனைக்கு வந்துள்ளன. பொத்தானை அழுத்தினால் ஓரிரு நிமிடத்தில் டயர் இறுகிவிடுவதால், கைப்பம்பின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். அந்த எண்ணம் பாதி மட்டுமே சரியானது. எந்தப் பம்பு யாருக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பதில் விலைக்கும் எடைக்கும் இருக்கும் பங்கைவிட, டயரின் கொள்ளளவுக்கும் அதற்கு வேண்டிய அழுத்தத்துக்கும், பம்பு எந்த விதத்தில் பழுதாகும் என்பதற்கும் உள்ள பங்கு பெரிது.

காற்றடைத்த டயருக்கான முதல் காப்புரிமையை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே பெற்றிருந்தும் அது புழக்கத்துக்கு வராமல் மறக்கப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1887-ல் தாமாகவே அதே கருத்தை வந்தடைந்த பிறகுதான் மிதிவண்டிகள் காற்றின் மேல் ஓடத் தொடங்கின. டன்லப்பின் தொடக்ககால டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்ததால் பஞ்சர் பார்ப்பது பட்டறை வேலையாகவே இருந்தது. பிரான்ஸின் மிஷ்லென் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்ததும், அதே ஆண்டு நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் அதைப் பூட்டி ஓட்டிய ஷார்ல் தெரோன் வெற்றிபெற்றதும் அந்த நிலையை மாற்றின. பஞ்சரை வழியிலேயே ஒட்டிக்கொள்ள முடியும் என்றானதும், காற்றையும் வழியிலேயே அடித்துக்கொள்ளும் கருவி ஒவ்வொரு வண்டியோடும் சேர்ந்து பயணிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கருவி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, அழுத்தம் அளக்கப்படும் முறையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும் பிஎஸ்ஐ என்னும் அலகு, ஒரு சதுர அங்குலப் பரப்பின் மீது எத்தனை பவுண்டு விசை செயல்படுகிறது என்பதைக் குறிக்கிறது, 14.5 பிஎஸ்ஐ ஒரு பார் ஆகும். மானி காட்டும் இந்த அழுத்தம், வெளியே சூழ்ந்திருக்கும் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டயருக்குள் எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதை மட்டுமே சொல்வதால், இதை மானி அழுத்தம் என்றும், இதோடு வளிமண்டலத்தின் ஏறத்தாழ ஒரு பாரையும் கூட்டினால் வருவதை முழு அழுத்தம் என்றும் அழைப்பது வழக்கம். வெப்பநிலை மாறாதவரை ஒரு குறிப்பிட்ட அளவு வாயுவின் முழு அழுத்தமும் கன அளவும் ஒன்றுக்கொன்று எதிர்விகிதத்தில் இருக்கும் என்று 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியைக் கொண்டு, ஒரு டயருக்கு வெளியிலிருந்து எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்.

28 மில்லிமீட்டர் அகலமுள்ள சாலைப் பந்தய வகை டயரின் உட்புறக் கொள்ளளவு சுமார் 1.26 லிட்டர். அதை 80 பிஎஸ்ஐக்கு, அதாவது 5.5 பார் மானி அழுத்தத்துக்கு நிரப்ப, வெளியிலுள்ள சாதாரணக் காற்று ஏறத்தாழ 8.2 லிட்டர் உள்ளே செல்ல வேண்டும். தமிழகத் தெருக்களில் இன்றும் ஓடும் கனத்த கறுப்பு மிதிவண்டியின் 28 அங்குலச் சக்கரத்தில் கொள்ளளவு 2.6 லிட்டரைத் தாண்டும். 45 பிஎஸ்ஐ அழுத்தமே அதற்குப் போதும் என்றாலும் 10 லிட்டருக்கும் மேல் காற்று தேவைப்படுகிறது. கரடுமுரடான பாதைகளுக்கான 2.2 அங்குல அகல டயரிலோ கொள்ளளவு 5 லிட்டருக்கும் அதிகம் என்பதால், வெறும் 25 பிஎஸ்ஐக்கே சுமார் 14 லிட்டர் காற்றை அடித்தாக வேண்டும். மெலிந்த டயருக்குக் குறைந்த காற்று மிகுந்த அழுத்தத்திலும், அகன்ற டயருக்கு மிகுந்த காற்று குறைந்த அழுத்தத்திலும் தேவைப்படுவதால், இரண்டுக்கும் ஒரே பம்பு சமமாகப் பயன்பட இயலாது.

கைப்பம்பில் இந்த முரண் நேரடியாகத் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வந்துசேர்கிறது. 20 மில்லிமீட்டர் உள்விட்டமும் 15 சென்டிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் உள்ள ஒரு சிறு பம்பு ஒவ்வோர் அடிக்கும் 47 கன சென்டிமீட்டர் காற்றை எடுத்துக்கொள்கிறது. எந்த இழப்பும் இல்லையென்றாலும் சாலை டயருக்கு 174 அடிகள் வேண்டும். நடைமுறையில் 200-ஐத் தாண்டும். கடைசி அடிகளில் பிஸ்டனை உள்ளே தள்ள 173 நியூட்டன் விசை, அதாவது 17 கிலோவுக்கும் சற்று மேற்பட்ட எடையைத் தாங்கும் அளவு விசை தேவைப்படுகிறது. அதே பம்பைக் கறுப்பு மிதிவண்டிக்குப் பயன்படுத்தினால் இறுதி விசை 10 கிலோ அளவில் நின்றுவிடும், ஆனால் அடிகளின் எண்ணிக்கை 230-ஐ ஒட்டிச் செல்லும். சைக்கிள் கடை வாசலில் தரையில் ஊன்றி அடிக்கும் பெரிய பம்பு இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது: 30 மில்லிமீட்டர் விட்டமும் அரை மீட்டர் ஓட்டமும் கொண்ட உருளை ஓரடிக்கு 350 கன சென்டிமீட்டர் காற்றைத் தருவதால் சாலை டயருக்கே இருபத்தைந்து அடிகள் போதும். அதற்கு இறுதியில் 40 கிலோ அளவு விசை வேண்டியிருந்தாலும், அந்த விசையைக் கைத்தசைகள் தர வேண்டியதில்லை, குனிந்து சாயும் உடலின் எடையே தந்துவிடுகிறது. நிமிடத்துக்கு முப்பது அடி அடித்தால் 10 லிட்டர் காற்று வருகிறது என்பதால், வேகத்திலும் அது பையில் வைக்கும் பெரும்பாலான சிறு மின்பம்புகளுக்குக் குறைந்ததல்ல. வீட்டில் வைத்துக்கொள்ள மின்பம்பைத் தேடுவோர் இந்தப் பெரிய பம்பை முதலில் கருத்தில் கொள்வது நல்லது. அது மலிவு, நீண்ட காலம் உழைக்கும், மின்னேற்றம் கேட்பதில்லை.

இந்தக் கணக்கில் வியப்பூட்டும் பகுதி ஆற்றலைப் பற்றியது. காற்றைச் சூடாகவிடாமல் மெல்ல அமுக்கினால் சாலை டயரை வெறுமையிலிருந்து 80 பிஎஸ்ஐ வரை நிரப்பச் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 840 ஜூல் மட்டுமே. அகன்ற டயருக்கு அதுவும் குறைந்து 510 ஜூலுக்கு அருகில் நிற்கிறது. மனிதத் தசை உணவிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டாலும், ஒரு சாலை டயருக்குச் செலவாவது ஒரு கிலோகலோரி. உராய்வுக்கும் கசிவுக்கும் இருமடங்கு மும்மடங்கு சேர்த்தாலும் அது ஓர் இட்லியின் சிறு விள்ளலில் அடங்கிவிடும். ஆகவே கைப்பம்பு களைப்பூட்டுவதற்குக் காரணம் ஆற்றல் அல்ல. காலுக்கு உரிய விசையைக் கையிடம் கேட்பதும், அதை நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கேட்பதுமே காரணம். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் மணிக்கட்டில் அடிபட்டவர்களுக்கும் அந்த 17 கிலோ ஒரு தடைச்சுவராகவே அமைந்துவிடுகிறது. மின்பம்பு உண்மையில் விலக்குவது இந்தத் தடையைத்தான். துணைக்கு ஆளின்றி வண்டி எடுத்துச் செல்ல ஒருவருக்கு அதனால் துணிவு பிறக்கிறது என்றால், அந்தப் பயனைச் சொகுசு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

மின்பம்பின் உள்ளே நடப்பதும் அடிப்படையில் அதே அமுக்கம்தான். மோட்டாரின் சுழற்சியை ஒரு சிறு வணரி முன்பின் அசைவாக மாற்ற, விரல் நுனியளவு பிஸ்டன் ஒன்று நொடிக்குப் பல பத்து முறை ஓடி, ஒவ்வொரு முறையும் ஓரிரு கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளுகிறது. இங்கே எஞ்சுவெளி என்று சொல்லத்தக்க ஒன்று முக்கியமாகிறது. பிஸ்டன் முழுவதும் உள்ளே சென்ற பின்னும் அதன் முகத்துக்கும் வெளிவாயில் வால்வுக்கும் இடையில் தங்கிவிடும் சிறு இடமே எஞ்சுவெளி. அதில் அமுங்கிக் கிடக்கும் காற்று டயருக்குள் போகாமல், பிஸ்டன் பின்வாங்கும்போது விரிந்து, புதிய காற்று வர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 47 கன சென்டிமீட்டர் கொண்ட கைப்பம்பில் எஞ்சுவெளி 4 கன சென்டிமீட்டராக இருந்தால், 80 பிஎஸ்ஐயை எட்டும் வேளையில் அந்த எஞ்சிய காற்று விரிந்து 22 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துவிடும். அதாவது ஏறத்தாழப் பாதி அடி வீண். முனையில் நீளமான குழல் உள்ள பம்பில், காற்றைத் திரும்பவிடாத வால்வு குழலுக்கு முன்னால் உருளையின் வாயிலேயே அமைந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். இல்லையேல் குழல் முழுவதும் எஞ்சுவெளியாகிவிடும். பெட்டியின் மீது எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை ஒரு பம்பு எட்டும் என்பதற்கும், அந்த அழுத்தத்தில் பயனுள்ள அளவு காற்றைத் தரும் என்பதற்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இந்த எஞ்சுவெளியிலேயே பிறக்கிறது.

அடுத்தது வெப்பம். வாயுவை விரைவாக அமுக்கும்போது அமுக்கச் செலவிட்ட வேலை வெளியேற நேரமில்லாமல் வெப்பமாக அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை வெப்பம் சிறிதும் வெளியேறாமல் 6.5 மடங்கு முழு அழுத்தத்துக்கு அமுக்கினால், அதன் வெப்பநிலை கோட்பாட்டின்படி 240 டிகிரியைத் தாண்டும். கைப்பம்பில் ஓர் அடிக்கு அரை நொடியோ ஒரு நொடியோ ஆவதால் வெப்பத்தின் பெரும்பகுதி உலோகச் சுவருக்குப் போய், குழாயின் அடிப்பகுதி தொட்டால் சுடும் அளவோடு நின்றுவிடுகிறது. மின்பம்பிலோ பிஸ்டனின் வேகம் வெப்பத்துக்கு வழிவிடுவதில்லை. உருளையும் வாயும் விரலால் தொட முடியாதபடி கொதிக்கின்றன. டிபியு எனப்படும் வெப்பத்தால் இளகும் பாலியூரித்தேன் டியூப்கள் எடை குறைவு என்பதற்காக இப்போது பலராலும் விரும்பப்படுகின்றன; அவற்றின் நெகிழித் தண்டில் சூடான வாயை நேரடியாகப் பொருத்தினால் தண்டு இளகிக் கெட்டுவிடக்கூடும். எனவே அத்தகைய டியூப் உள்ளவர்கள் மின்பம்பை இடைக்குழல் ஒன்றின் வழியாகவே இணைப்பது அவசியமாகிறது. இரண்டு டயர்களை அடுத்தடுத்து நிரப்பாமல் இடையில் ஆறவிட வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் வற்புறுத்துவதற்கும் இந்த வெப்பமே காரணம்.

மின்கலம் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்விக்கும் இதே இழப்புகளே விடையளிக்கின்றன. 7.4 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறு மின்கலத்தில் ஏறத்தாழ 8,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 840 ஜூல் வேலை கேட்கும் டயர்களில் ஒன்பதை அது நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் இந்த அளவுள்ள பம்புகளால் இரண்டு சாலை டயர்களை நிரப்ப முடிந்தாலே நன்று. மீதி ஆற்றல் காற்றின் சூட்டிலும் மோட்டார்ச் சுருளின் மின்தடையிலும் உராய்விலும் எஞ்சுவெளியிலும் கரைந்துபோகிறது. சேமித்த மின்னாற்றல் முழுவதையும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் வெளியே இழுப்பதால் மின்கலமே சூடேறுகிறது. அரைக் கிலோ எடையுள்ள பெரிய வகைகளில் மின்கலமும் பெரிது, ஆகவே பல டயர்களை நிரப்பலாம். ஆனால் அந்த எடைக்குப் பம்பு பையில் சுமக்கும் பொருளாகிவிடுகிறது, சட்டைப் பையில் கொண்டுபோகும் பொருளாக இருப்பதில்லை.

இந்தியச் சூழலில் வால்வின் வகை எல்லாவற்றையும்விட நுட்பமான சிக்கலைத் தருகிறது. மோட்டார் வாகனங்களிலும் பல புதிய மிதிவண்டிகளிலும் உள்ள ஷ்ரேடர் வால்வு, விலை உயர்ந்த சாலை வண்டிகளில் உள்ள மெலிந்த பிரெஸ்டா வால்வு, கறுப்பு மிதிவண்டிகளின் வுட்ஸ் வால்வு என மூன்றும் இங்கே ஒரே தெருவில் காணக் கிடைக்கின்றன. ஷ்ரேடர் வால்வில் பம்பின் வாயிலுள்ள முள் நடுத் தண்டை அழுத்தித் திறந்து வைப்பதால் டயரும் பம்பும் ஒரே வெளியாக இணைந்துவிடுகின்றன. மின்பம்பின் அழுத்த உணரி, பொருத்திய உடனே டயரின் அழுத்தத்தைச் சரியாகக் காட்டுகிறது. வுட்ஸ் வால்வின் பழைய வடிவத்தில், பக்கவாட்டில் துளையிட்ட ஒரு சிறு தண்டின் மேல் வால்டியூப் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் ரப்பர்க் குழாய் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். உள்ளே வரும் காற்று அந்த ரப்பரைத் துளையிலிருந்து விலக்கிக்கொண்டு போக வேண்டும். நின்றவுடன் ரப்பர் திரும்பிப் படிந்து துளையை மூடிவிடும். இதில் டயரின் அழுத்தம் பம்புக்குத் திரும்பி வர வழியே இல்லை. அதனால் நன்றாகக் காற்றுள்ள டயரில் பொருத்தினாலும் மின்பம்பின் திரை சுழியத்தையே காட்டும். அடிக்கும்போது அது அளப்பது ரப்பரை விலக்கும் கூடுதல் அழுத்தத்தையும் சேர்த்து என்பதால், திரையில் 45 வந்ததும் பம்பு தானே நிற்கையில் டயருக்குள் அதைவிடக் குறைவாகவே இருக்கும். குறித்த அழுத்தத்தில் தானே நின்றுவிடும் வசதிதான் மின்பம்பின் முதன்மையான கவர்ச்சி. வுட்ஸ் வால்வு உள்ள வண்டியில் அந்த வசதி நம்பத்தக்கதாக இருப்பதில்லை. இலக்கைச் சற்று உயர்த்தி வைத்து, பிறகு கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பதே அங்கே நடைமுறைக்கு உகந்தது. பிரெஸ்டாவுக்கான வாய் பொதுவாக வுட்ஸ் வால்வையும் பற்றிக்கொள்ளும் என்பதால் பொருத்துவதில் மட்டும் பெரிய தொல்லை இராது.

பழுதின் இயல்பில்தான் இரண்டு பம்புகளும் முற்றிலும் வேறுபடுகின்றன. பழைய கைப்பம்பைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தண்டின் நுனியில் கவிழ்த்த கிண்ணம் போன்ற தோல் வாஷர் ஒன்று தெரியும். தண்டை உள்ளே தள்ளும்போது காற்றின் அழுத்தம் அந்தக் கிண்ணத்தின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கிறது. வெளியே இழுக்கும்போது விளிம்பு சுருங்கி, புதிய காற்றைத் தன்னைச் சுற்றி நழுவ விடுகிறது. தனியே ஓர் உள்வாயில் வால்வு இல்லாமலேயே ஒரு துண்டுத் தோல் இரண்டு வேலைகளையும் செய்துவிடும் இந்த அமைப்பு, பொறியியலின் மிக அழகிய சிக்கனங்களுள் ஒன்று. தோல் உலர்ந்து சுருங்கினால் அடி தளரும், பம்பு மெல்ல மெல்ல வலுவிழக்கும். உரிமையாளருக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டு, விளிம்பை விரல்களால் விரித்துவிட்டால் தோல் வாஷர் உயிர்பெறும், அல்லது சில்லறை விலைக்குப் புதிய வாஷர் கிடைக்கும். ரப்பர் வளையம் பொருத்திய இக்காலச் சிறு பம்புகளுக்கு மட்டும், சில ரப்பர்களை எண்ணெய் உப்பச் செய்யும் என்பதால், சிலிக்கோன் கிரீஸ் தடவுவதே ஏற்றது.

மின்பம்பு இவ்வாறு முன்னறிவிப்புத் தருவதில்லை. மாதக்கணக்கில் பையில் கிடக்கும் மின்கலம் தானாகவே சிறிது சிறிதாக இறங்குகிறது. 40 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியின் பையிலோ மூடிய காருக்குள்ளோ இருந்தால் அதன் முதுமையும் விரைகிறது. இறங்கிய நிலையில் நெடுங்காலம் விட்டுவிட்டால், மின்னழுத்தம் பாதுகாப்பான வரம்புக்குக் கீழே போய், மின்னேற்றச் சுற்று அந்த மின்கலத்தை ஏற்கவே மறுத்துவிடக்கூடும். உறை ஒட்டி மூடப்பட்டிருப்பதால் அதைத் திறந்து மின்கலத்தை மாற்றித் தரும் கடைகள் அரிது. பஞ்சர் நேரும் அந்த ஒரு நாளில்தான் இவையெல்லாம் தெரியவரும். மேலும், முள்ளைக் கவனிக்காமல் புதிய டியூபை மாட்டி உடனே மறுபடி பஞ்சராவது, ஒட்டுப்போட்ட இடம் கசிவது போன்றவை மிதிவண்டிக்காரர்கள் யாவரும் அறிந்தவை. அப்போது மூன்றாவது முறையாகக் காற்றடிக்க வேண்டியிருக்கும். இரண்டு டயர்களுக்கே ஆற்றல் உள்ள பம்பு அங்கே கைவிட்டுவிடும். 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த குப்பியும் சாலை டயர் ஒன்றை நொடிகளில் நிரப்பும் என்றாலும், ஒரு குப்பிக்கு ஒரு டயர் என்ற கணக்கில் அதுவும் தீர்ந்துபோவது. அந்த வாயு பியூட்டைல் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட விரைவாகக் கசிவதால் மறுநாளே மீண்டும் காற்றடிக்கவும் நேரும்.

எனவே நகருக்குள் அலுவலகம் சென்று திரும்புபவர், மெலிந்த டயரில் பயிற்சி ஓட்டுபவர், கைவலு குறைந்தவர் ஆகியோருக்கு மின்பம்பு தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்கது. அது பழுதானால் அழைக்க ஆளும், ஒதுங்கக் கடையும் அருகில் இருக்கின்றன. மலைப்பாதையிலோ ஊர்களுக்கு இடையே நெடுந்தொலைவு இருக்கும் சாலைகளிலோ தனியே செல்பவரின் வண்டியில் கைப்பம்பு இருந்தே ஆக வேண்டும். மின்பம்பு அதனோடு கூடுதலாக இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்கலாகாது. அந்தக் கைப்பம்பும் டயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: சாலை டயருக்கு விட்டம் குறுகிய உருளை, அகன்ற டயருக்கு விட்டம் பெருத்த உருளை. வால்வில் நேரடியாக மாட்டும் வகையில், அடிக்கும் கையின் ஆட்டம் பிரெஸ்டாத் தண்டை வளைத்துவிடவோ டியூபோடு அது சேரும் இடத்தைக் கிழித்துவிடவோ கூடும் என்பதால், சில சென்டிமீட்டர் குழல் உள்ள பம்பே மேலானது.

எதை வாங்கினாலும், முதல் பயணத்துக்கு முன் வீட்டிலேயே ஒரு டயரை முழுவதும் இறக்கிவிட்டு, வேண்டிய அழுத்தம் வரை அந்தப் பம்பாலேயே நிரப்பிப் பார்க்க வேண்டும். கைப்பம்பானால் கடைசி ஐம்பது அடிகளைத் தம் கை தாங்குகிறதா என்பதும், மின்பம்பானால் முழு மின்னேற்றத்தில் எத்தனையாவது டயரில் மோட்டாரின் ஒலி தளர்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். அதன் பிறகு மின்பம்பை நீண்ட நாள் எடுத்துவைப்பதாக இருந்தால் பாதி மின்னேற்றத்தில் நிழலான இடத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து ஏற்றிக்கொண்டு, பயணத்துக்கு முந்தின இரவு முழுமையாக ஏற்ற வேண்டும்.